படத்தின் பின்பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகப் பற்றும் வரவும் பார்த்துக்கொண்டிருக்கிறவன். இதை எழுத வைத்தது என் பெண்ணும் மும்பை மழையும்.

பன்னிரண்டாவது படிக்கிறாள். ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மரைன் டிரைவுக்குப் போய்க் கடலை வரையவேண்டும் என்றாள். குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டும், ஆகவே நான். இரண்டு மணி நேரத்தில் மூன்று தாள் எடுத்தாள், மூன்றும் பாதியில் நின்றன. "சாம்பல் கலரைக் கலக்கி முடிக்கிறதுக்குள்ள கடல் பச்சையாயிடுதுப்பா" என்று அழாத குறை. நனைந்துபோய் வீடு வந்து சேர்ந்தோம். அம்மா கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துக்கொண்டே லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தளத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். "இவர் மட்டும் எப்படி முடிச்சார்?"

சின்னப் படம். 15 சென்டிமீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் அகலம். நம் கல்யாணப் பத்திரிகையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் பிரைட்டன் கடற்கரை, கரையேற்றி நிறுத்திய நிலக்கரிக் கப்பல்கள், மேலே பெரிய வானம். வரைந்தவர் ஜான் கான்ஸ்டபிள். (பெயரைக் கேட்டதும் எனக்கும் ஸ்டேஷன் ஏட்டுதான் ஞாபகத்துக்கு வந்தார். மன்னிக்கவும்.)

படத்தை அரை நிமிஷம் பார்த்திருப்பேன். அதன் கீழே, படத்தின் பின்பக்கத்தில் ஓவியர் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று கொடுத்திருந்தார்கள். அதில்தான் ஒரு மணி நேரம் போயிற்று. 1824 ஜூலை 19, மாலை. அலை பின்வாங்கிக்கொண்டிருக்கிறது, கரை ஈரமாக இருக்கிறது. கிழக்கே பார்த்து வரைந்தது. கருஞ்சாம்பல் பின்னணி, அதன் எதிரே வெளிச்சம் பட்ட பாறைகள், வெண்மையும் பொன்னுமான ஒளி. மிக அழகான மாலை. நடுவில், இன்று மகள் மரியாவின் பிறந்தநாள் என்றும் ஒரு குறிப்பு.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே நரேஷன் எழுதவேண்டும். என்ன நடந்தது, எந்தத் தேதி, எதற்காக என்று ஒரு வரி. அந்த வரி இல்லாத பதிவை எந்த ஆடிட்டரும் விடமாட்டார். ஓவியர் ஒருவர் வானத்துக்கு நரேஷன் எழுதியிருக்கிறார் என்பதைப் பார்த்ததும் மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. அதற்குப்பின் பல வாரம் ராத்திரிகளில் அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

கான்ஸ்டபிள் 1776-ல் சஃபோக் மாவட்டத்தில் ஈஸ்ட் பெர்கோல்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா தானிய வியாபாரி, மாவு மில் முதலாளி. மகன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார், மகனும் கொஞ்ச காலம் மில்லில் வேலை பார்த்தார். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், காற்றாலை வைத்திருப்பவனுக்கு வானம் பார்ப்பது ரசனை அல்ல, பிழைப்பு. எங்கள் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்திருப்பது போலத்தான். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை 1799-ல் லண்டனுக்குப் போய் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தது.

1809 வாக்கில் மரியா பிக்னெல் மேல் காதல். பெண்ணின் தாத்தா அந்த ஊர்ப் பாதிரியார், வசதியான மனிதர். நிலையான வருமானம் இல்லாத ஓவியனுக்குப் பேத்தியைக் கொடுக்க அவருக்குச் சம்மதமில்லை. ஏழு வருஷம் காத்திருந்தார்கள். 1816-ல் கான்ஸ்டபிளின் அப்பா இறந்து குடும்பச் சொத்தில் பங்கு வந்த பிறகுதான் அக்டோபர் 2 அன்று கல்யாணம். நடத்தி வைத்தவர் நண்பர் ஜான் ஃபிஷர், அவரும் பாதிரியார்தான். தேனிலவுக்கு வேமத் பக்கத்தில் ஆஸ்மிங்டனில் இருந்த ஃபிஷர் வீட்டிலேயே தங்கினார்கள். அங்கேயும் கடல், அங்கேயும் சின்ன அட்டையில் விரிகுடாவின் படம். இவர்கள் குடித்தனம் கடற்கரையில்தான் ஆரம்பித்தது.

மரியாவுக்குக் காசநோய். அதற்குக் காரணமான கிருமியை கோக் கண்டுபிடித்தது 1882-ல்தான். கான்ஸ்டபிள் காலத்தில் டாக்டர்கள் சொன்ன வைத்தியங்களில் ஒன்று காற்று மாற்றம். லண்டன் புகை ஆகாது என்று 1819 முதல் கோடையில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் வீடு எடுத்தார்கள். அங்கே 1821, 1822 ஆகிய இரண்டு வருஷங்களில் கான்ஸ்டபிள் வெறும் மேகங்களை மட்டும் வரைந்து தள்ளினார். மரம் இல்லை, வீடு இல்லை, மேகம் மட்டும். பின்னால் தேதி, நேரம், காற்று. லூக் ஹோவர்ட் மேகங்களுக்கு லத்தீனில் பெயர் வைத்து இருபது வருஷம் ஆகியிருந்த காலம் அது. வானிலை பற்றிய புத்தகம் ஒன்றை கான்ஸ்டபிளும் வாங்கி ஓரத்தில் குறிப்பெல்லாம் எழுதிப் படித்திருக்கிறார்.

ஹாம்ப்ஸ்டெட் போதவில்லை. 1824 மே மாதம் மனைவியையும் குழந்தைகளையும் பிரைட்டனில் கொண்டுபோய் வைத்தார்.

இனிமேல் வருவதுதான் நம் போன்றவர்களுக்குக் கதை. குடும்பம் பிரைட்டனில். வேலை லண்டனில், சார்லட் தெருவில் இருந்த வீட்டோடு சேர்ந்த பட்டறையில். நடுவில் சுமார் 80 கிலோமீட்டர். ரயில் 1841-ல்தான் வருகிறது, அதுவரை குதிரை வண்டிதான், ஆறு மணி நேரம் போல ஆகும். விட்டுவிட்டுவர முடியாத நேரமும் அது. ஆரோஸ்மித் என்ற பாரிஸ் வியாபாரி இரண்டு பெரிய படத்தையும் ஒரு சின்னப் படத்தையும் சேர்த்து 250 பவுண்டுக்கு வாங்கியிருந்தார். அதில் ஒன்றுதான் இன்று உலகத்துக்கே தெரிந்த 'வைக்கோல் வண்டி'. பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. கான்ஸ்டபிள் பாரிஸ் போகவில்லை. வாய்ப்பு கிடைத்தால் பிரைட்டனுக்கு வண்டி ஏறுகிற மனிதர் அவர். போக முடியாத நாட்களில் யார் வந்தார்கள், என்ன வேலை ஆயிற்று என்று தினமும் நாட்குறிப்பு மாதிரி எழுதி மனைவிக்கு அனுப்பினார்.

பதவி உயர்வு என்ற பெயரில் என்னை குஜராத்தில் ஒரு கிளைக்கு அனுப்பி, வீட்டார் மும்பையிலேயே இருந்த மூன்று வருஷத்தை நினைத்துக்கொண்டேன். இரண்டாம் சனி, நான்காம் சனிக்கு முந்தின ராத்திரி ரயில். திங்கள் காலை திரும்பவும் கிளை. வீட்டில் இருக்கிற அந்த ஒன்றரை நாளில் ஒரு மணி நேரம் தனியாக வெளியே போனாலும் குற்ற உணர்ச்சியாக இருக்கும். கான்ஸ்டபிளுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கிடைத்த நேரத்தில் என்ன செய்ய முடியுமோ அந்த அளவுக்குத்தான் படங்கள் இருக்கின்றன.

ஊரையும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிரைட்டன் அப்போது அரசர் நான்காம் ஜார்ஜ் தயவில் நாகரிகக் கூட்டம் நிறைந்த ஊர். கோச்சு வண்டிகளும் சத்தமும் மினுக்குகிற ஆட்களும் தாங்கவில்லை, ஓவியனுக்கு இங்கே அலையும் வானமும் தவிர ஒன்றும் இல்லை என்கிற மாதிரி ஃபிஷருக்குப் புலம்பி எழுதினார். (ஒரு இடைச்செருகல். அரசர் அங்கே கட்டிய மாளிகை வெங்காயக் குமிழ்களோடு நம்மூர் நவாப் அரண்மனை மாதிரி இருக்கும். அதே ஊரின் கடற்கரைச் சாலையில் 1759-ல் பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது என்பவர் நீராவிக் குளியலும் எண்ணெய் பிடித்துவிடுதலுமாக ஒரு நிலையம் நடத்தி அரசருக்கே பிடித்துவிடுபவராக இருந்தார். 'ஷாம்பு' என்ற சொல் ஆங்கிலத்தில் அப்போது தலைக்குத் தேய்க்கிற திரவம் அல்ல, இந்த அமுக்கிப் பிடிப்புதான். கான்ஸ்டபிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த நாட்களில் அந்த ஊரில் நம்மாள் ஒருவர் கடை போட்டு உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.)

சரி, எப்படி வரைந்தார்? என் பெண்ணின் கேள்வி அதுதானே.

பதில் அவரே எழுதிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. 1825 ஜனவரியில் பிரைட்டன் படங்களில் ஒரு டஜனைப் பெட்டியில் போட்டு ஃபிஷருக்கு அனுப்புகிறார். ஃபிஷரின் மனைவிக்கு உடம்பு சரியில்லை, கடலைப் பார்த்தால் தெம்பாக இருக்கும் என்று. கூடவே ஒரு தகவல்: எல்லாம் வழக்கம்போல மடியில் பெட்டியை வைத்து அதன் மூடியில் வரைந்தவை. அவ்வளவுதான் ரகசியம். வர்ணப் பெட்டியைத் திறந்து மடியில் வைத்தால் மூடி நிமிர்ந்து நிற்கும், அதில் தாள். ஆகவே படத்தின் அளவைத் தீர்மானித்தது பெட்டி மூடியின் அளவு. கேன்வாஸ் நிறுத்தும் சட்டம் இல்லை, காற்றுக்குப் பறக்க ஒன்றும் இல்லை.

தாளும் வெள்ளைத் தாள் அல்ல. முன்கூட்டியே பழுப்போ, இளஞ்சிவப்பு கலந்த நிறமோ பூசிக் காயவைத்த கெட்டித் தாள். ஏற்கெனவே ஒரு நடுத்தர நிறம் இருப்பதால் மேலே இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் வைத்தால் போதும். விட்டுப்போன இடத்தில் அடிநிறம் எட்டிப்பார்க்கும், அதுவே மணலாகிவிடும். என் பெண் வெள்ளைத் தாளில் மூலை முதல் மூலை வரை நிரப்பப் பார்த்தாள், கடல் அதுவரை காத்திருக்கவில்லை. இன்னொன்று: டியூபில் அடைத்த எண்ணெய் வர்ணம் 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய பிறகு வந்தது. கான்ஸ்டபிள் காலத்தில் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும், மீதி காயும், ஒழுகும். வெளியே போகும்போது நாலைந்து நிறத்துக்கு மேல் கொண்டுபோக யாருக்கும் ஆசை வராது. அதோடுதான் அந்த வானங்கள் எல்லாம்.

லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கும் ஒரு படத்தின் குறிப்பு எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. பிரைட்டன், ஞாயிறு, 1826 ஜனவரி 1, பகல் 12 முதல் 2 வரை, தென்-தென்மேற்கிலிருந்து நல்ல காற்று. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நாகப்பட்டினத்தில் கடல் கிழக்கே, சூரியன் கடலிலிருந்து வரும். மும்பையில் கடல் மேற்கே, சூரியன் கடலில் போய் விழும். பிரைட்டனுக்குக் கடல் தெற்கே. ஜனவரியில் அங்கே உச்சி வேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து அதிகம் ஏறாது. 12 முதல் 2 வரை தெற்கிலிருந்து தென்மேற்குப் பக்கமாகச் சரியும். காற்றும் அதே திசையிலிருந்து. அதாவது கடலைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு வெயிலும் முகத்தில், காற்றும் முகத்தில். புத்தாண்டு நாள், கடுங்குளிர், மடியில் பெட்டி, இரண்டு மணி நேரம். குறிப்பு இல்லாமல் படத்தை மட்டும் பார்த்திருந்தால் இதில் எதுவும் எனக்குப் புரிந்திருக்காது. ஜூலை 19 படத்திலும் அப்படித்தான். மாலையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்ததால் இறங்குகிற சூரியன் முதுகுக்குப் பின்னால், எதிரே பாறைகளில் பொன்வெளிச்சம். அந்த வெளிச்சம் ஒரு முக்கால் மணி நேரம் நிற்கும். வேளையைப் பார்த்து இடத்தைப் பிடித்திருக்கிறார்.

இந்தப் படங்களை அவர் விற்பனைச் சரக்காக நினைக்கவில்லை. விற்பனைக்குச் செய்தது வேறு: பிரைட்டனில் 1823-ல் திறந்த சங்கிலிப் பாலத்துறையை வைத்து ஆறடி அகலத்தில் ஒரு பெரிய படம், 1827 அகாடமி கண்காட்சியில் வைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை அது விற்கவில்லை. அந்தப் பாலத்துறையை 1896-ல் ஒரு புயல் கொண்டுபோயிற்று. படம் இப்போது டேட்டில் இருக்கிறது.

இப்போது நான் சண்டைக்கு வருகிற இடம். ராயல் அகாடமியில் 'கடல் மேல் மழை' என்று ஒரு படம் உண்டு. ஓரடி அகலம்தான். கருமேகத்திலிருந்து தூரிகையைச் செங்குத்தாக இழுத்து இழுத்து மழை. பார்த்தால் திக்கென்று இருக்கும். மரியாவின் நோயும் கணவனின் துக்கமும்தான் அந்த இருட்டு என்று பல இடத்தில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. அந்தப் படத்துக்குத் துல்லியமான தேதியே கிடையாது. 1824-க்கும் 1828-க்கும் நடுவில் என்பதோடு சரி. வவுச்சர் இல்லாத பதிவு. தேதி உள்ள படங்களைப் பாருங்கள். மரியா இருமிக்கொண்டிருந்த அதே 1824-ல் மிக அழகான மாலை என்று எழுதுகிறார். ஐந்து வயது முடிகிற பெண்ணின் பிறந்தநாளை மறக்காமல், அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதோடு சேர்த்துக் குறிக்கிறார். வீட்டு நிலைமை எதுவாக இருந்தாலும் வானம் என்ன காட்டியதோ அதைத்தான் வரவு வைத்தார் என்று நான் நினைக்கிறேன். மழை கறுப்பாக இருந்ததென்றால் அன்று மழை கறுப்பாக இருந்தது. வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கிற ஜூலை மாதங்களில் மரைன் டிரைவில் அதே கறுப்பை நான் பார்த்திருக்கிறேன். துக்கத்தில் இருக்கிற மனுஷன் எல்லாவற்றையும் துக்கமாகத்தான் பார்ப்பான் என்பது, பக்கத்தில் இருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளாதவர்கள் சொல்வது. என் அப்பாவின் கடைசி வருஷத்தில் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் பூத்திருந்தது எனக்கு இன்றும் அச்சாக நினைவிருக்கிறது.

1825 கோடையின் முடிவில் மறுபடி பிரைட்டன், 1826 ஜனவரி வரை. 1828 ஜனவரியில் ஏழாவது குழந்தை பிறந்தது. மார்ச்சில் மரியாவின் அப்பா காலமாகி 20,000 பவுண்டு வந்தது. முதல்முறையாகப் பணக் கவலை இல்லை, இனி ஆறடிக் கேன்வாஸ் முன் நிம்மதியாக நிற்கலாம் என்று எழுதினார். அந்தக் கோடையிலும் பிரைட்டனுக்கு அழைத்துப் போனார். பலனில்லை. ஹாம்ப்ஸ்டெட்டுக்குத் திரும்பினார்கள். 1828 நவம்பர் 23 அன்று மரியா இறந்தார், வயது நாற்பது. மூன்று மாதத்துக்குள், 1829 பிப்ரவரியில், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அவரை அகாடமியின் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1837 மார்ச் 31 வரை வாழ்ந்தார். கடைசி வரை கறுப்பு உடைதான்.

சின்னப் படங்கள் வீட்டிலேயே கிடந்தன. நாலாவது குழந்தை இசபெல், முதல் பிரைட்டன் கோடையில் இரண்டு வயது கூட நிரம்பாதவள், கல்யாணம் செய்துகொள்ளாமல் அவற்றைக் காத்து வைத்திருந்து 1888-ல் நாட்டுக்குக் கொடுத்தார். நான் மேலே சொன்ன நிலக்கரிக் கப்பல் படமும் மழைப் படமும் அந்த வருஷம் வந்தவைதான். அறுபது வருஷம் ஒரு அலமாரியிலிருந்து இன்னொரு அலமாரிக்கு மாற்றியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் நான் குஜராத்திலிருந்து எழுதியவை ஒரு கிருஷ்ணா ஸ்வீட்ஸ் டப்பாவில் இருக்கின்றன.

இசபெலுக்கு நேர் மூத்தவர் சார்லஸ் கோல்டிங். அந்த முதல் கோடையில் மூன்று வயது. கப்பல் மோகம் பிடித்து 1835-ல், பதினாலு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனிக் கடற்பணியில் சேர்ந்துவிட்டார். பிறகு கம்பெனியின் 'இந்தியன் நேவி'யில் அதிகாரி. அந்தக் கடற்படைக்குத் தலைமையிடம் பம்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் குடை பிடிக்கிற இதே ஊர். 1857 முதல் 1860 வரை பாரசீக வளைகுடாவை அளந்து, ஸ்டிஃப் என்ற சக அதிகாரியோடு சேர்ந்து அவர் எழுதிய மாலுமிகள் கையேடு 1864-ல் அச்சானது. எந்தக் கரையில் எந்த மாதம் எந்தத் திசைக் காற்று, நீரோட்டம் எப்படி என்பதெல்லாம் அந்த மாதிரிப் புத்தகத்தின் வேலை.

போன வாரம் என் பெண் மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை தாளுக்கு முதல்நாளே பழுப்பு பூசி வைத்திருந்தாள். ஒன்றே ஒன்றுதான் முடிந்தது, அதிலும் வலதுமூலையில் மழைத்துளி விழுந்து கறை. பின்பக்கம் திருப்பித் தேதி போட்டுவிட்டு, "காத்து எந்தப் பக்கத்துலேருந்துப்பா?" என்றாள். கச்சான் என்றேன். எப்படி எழுதுவது என்று கேட்டு எழுதிக்கொண்டாள், 'ன்' மட்டும் 'ண்' ஆகிவிட்டது.